நின்றபடி ஓடும் வண்டிகள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு, நான் ஏதாவது அலங்காரமாகச் சொல்லிவைப்பதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

என் அக்கா வேன் ஓட்டுகிறாள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவிடுவது அவள் வேலை. ஒரு நாள் மதியம் போன் செய்தாள். வேலையில்லை என்றால் பட்டறைக்கு வா, டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். எனக்கு வேலை இருந்தது. ஒரு பாடப்புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அக்கா ‘வேலையில்லை என்றால்’ என்று சேர்த்துக்கொள்வது ஒரு மரியாதைக்குத்தான். போனேன்.

பட்டறையில், இன்ஜினிலிருந்து கழற்றிய ஓர் அலுமினியக் குழாயைப் பழைய பேப்பர்மேல் வைத்திருந்தார்கள். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய். நான்கு விரல்களைச் சேர்த்து நுழைக்கும் அளவுக்கு வாய். அதில் அப்போது என் சுண்டுவிரல் மட்டும்தான் போயிற்று. மீதி இடமெல்லாம் கறுப்பு. தார்போலப் பிசுபிசுப்பு, அடியில் கல்போல இறுக்கம். அக்கா ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினாள். ஒரு கட்டி பெயர்ந்து பேப்பரில் விழுந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

அந்த இடத்தில் எனக்குக் கதை வந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டும் வேறு வேறு என்று புரிய எனக்குப் பல பிரதிகள் ஆயின.

முதல் தொடக்கம், அன்று மாலையே எழுதியது:

“இரும்பின் நெஞ்சுக்குள் காலம் கறுப்பாகப் படிந்திருந்தது. துக்கமும் அப்படித்தான். வெளியே போக வேண்டியது திரும்ப உள்ளேயே—”

அக்கா படித்துவிட்டு, யாருக்குத் துக்கம் என்று கேட்டாள். பொதுவாகச் சொன்னேன் என்றேன்.

“வண்டியைப் பத்தி எழுதறதுன்னா வண்டியைப் பத்தி எழுது. எனக்குத் துக்கமெல்லாம் ஒண்ணுமில்ல. எரிச்சல்தான்.”

இரண்டாம் தொடக்கம்:

“மேம்பாலத்தின் உச்சியில், வாழ்வுக்கும் மரணத்துக்கும் நடுவே, ஒரு வேன்—”

இதையும் அவள் படித்தாள். தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். ஆகவே மூன்றாம் தொடக்கம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

2

அக்காவின் வேனில் ஒருநாள்விட்டு ஒருநாள் ஏறுகிறவர்கள் ஐந்து பேர். எல்லோரையும் அறிமுகப்படுத்தினால் நீங்களும் குழம்புவீர்கள், நானும் குழம்புவேன். இரண்டு பேர் போதும். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஊசி குத்த வரும் டாக்டரைக்கூட “அடுத்த ஸ்டெப் என்ன, சொல்லு” என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். இன்னொருவர் தபால்காரர். வாழ்நாள் முழுக்க நடந்தே பழகியவர். உட்கார்ந்து போவது அவருக்கு உடன்பாடில்லை. ஏறும்போது ஒரு குறை, இறங்கும்போது ஒரு குறை.

வேன் கொஞ்ச நாளாகவே சரியில்லை. மேட்டில் இழுக்காது. கியர் மாற்றினால் பின்னால் கரும்புகை. இன்று பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று அக்கா தள்ளிப்போட்டிருந்தாள். ஒருநாள் காலை, ஐந்து பேரும் உள்ளே இருக்க, மேம்பாலத்தில் ஏறும்போது டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தும் வண்டிக்கு வேகம் வரவில்லை. நின்றுவிடவும் இல்லை, அதுதான் வினை. நின்றிருந்தால் இறங்கி வேறு வண்டி பிடித்திருப்பார்கள். ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. தபால்காரர், நான் நடந்தே போயிருப்பேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

டயாலிசிஸ் மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு குழு முடித்ததும் அடுத்த குழு. தாமதமாகப் போனால் அந்த அளவுக்கு நேரம் குறையும். மற்ற நால்வருக்கும் குறைந்த நேரம் பெரிதாகத் தெரியவில்லை. டீச்சருக்கு இதயமும் பலவீனம். உடம்பில் தங்கிய நீர் மூச்சை முட்டியது. மறுநாள் காலை அவரை அவசரமாக அட்மிட் செய்தார்கள். அவர் தானாக அக்காவிடம் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய மருமகள்தான் போன் செய்து, நாளைக்கு அத்தைக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னாள்.

(ஓரக்குறிப்பு: முதல் பிரதியில் இந்த இடத்தில் அக்கா ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அழுதாள். அக்கா அதைப் படித்துவிட்டு, நான் எங்கே அழுதேன் என்று கேட்டாள். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். “வண்டியைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன்.” அழுகையை நீக்கிவிட்டேன். டீச்சர் நல்லபடியாகத் திரும்பி வந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பதைக்கவைத்து வாசிக்கவைப்பது எனக்கு வேண்டாம்.)

3

பட்டறைக்காரரின் பட்டப்பெயர் ‘மெதுவா’. யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால், கையை ஆட்டிக்கொண்டு “மெதுவா, மெதுவா” என்று தெருமுனைவரை கேட்கும்படி கத்துவார். அதனால் வந்த பெயர். வேலையில் ஆள் மின்னல்.

அவர் வண்டியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இ.ஜி.ஆர். வால்வுப் பக்கம் கரி அடைத்திருக்கிறது என்று. அது என்ன என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். டீசல் இன்ஜின் எரித்து வெளியே தள்ளும் புகையில் ஒரு பங்கை, மறுபடியும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு அது. கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அது கலந்தால் உள்ளே எரியும் சூடு சற்றுத் தணியும். சூடு தணியாவிட்டால், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு நச்சுவாயு ஆகிவிடும். அது தொண்டையைக் கரிக்கும், நெஞ்சைப் பிடிக்கும். அந்த வாயு குறைய வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

ஊருக்கு நல்லது. இன்ஜினுக்கு அவ்வளவு நல்லதல்ல. திரும்பி வரும் புகையில் கரி இருக்கிறது. இன்ஜினுக்குள்ளிருந்து எண்ணெய் ஆவியும் வருகிறது. இரண்டும் சேர்ந்து, காற்று போகும் குழாயின் சுவரில் அப்பிக்கொள்கின்றன. வழி குறுகுகிறது. காற்று போதாததால் கரும்புகை கூடுகிறது. கரும்புகை கூடுவதால் கரியும் கூடுகிறது.

[இங்கே ஓர் உவமை வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் திறக்கப்போவதில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.]

மெதுவா ஒரு தீர்வு சொன்னார். வால்வுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன இரும்புத் தகட்டை வைத்து அடைத்துவிடலாம். புகை திரும்பி வராது, கரியும் படியாது. எரிகிற மஞ்சள் விளக்குக்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். நடந்த பேச்சை அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்.

“அடைச்சிட்டா அந்தப் புகை எங்கண்ணே போகும்?”

“பின்னாடி போகும், தங்கச்சி. வெளியே.”

“வெளியேன்னா?”

அவர் கையை விரித்து, தெரு, வானம் எல்லாவற்றையும் பொதுவாகக் காட்டினாராம். கரும்புகை குறையும், ஆனால் அந்த நச்சுவாயு கூடும், அது கண்ணுக்குத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

“கண்ணுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியுமேண்ணே.”

காரணம், அவளுக்கு அந்த ‘வெளியே’ எது என்று தெரியும். ஆஸ்பத்திரியின் பக்கவாட்டில் வேன்கள் வரிசையாக நிற்கும் இடம். அதற்கு நேர் மேலே, முதல் மாடியில், டயாலிசிஸ் அறையின் ஜன்னல்.

4

இந்த மெதுவாவை எனக்கு முதலில் நம்பத் தோன்றவில்லை. ஒரு பிரதியில் அவரை மோசக்காரராக்கினேன். தங்கப்பல் வைத்தேன். சிரிக்கும்போது பல் மினுங்கியது. தகட்டை வைத்துவிட்டு, சுத்தம் செய்ததாகப் பொய் சொல்லுகிற மனிதராக எழுதினேன். கதை நன்றாகவே ஓடியது. மோசக்காரர்கள் வந்தால் கதைகள் நன்றாகவே ஓடும்.

ஆனால் அவர் உண்மையில் செய்தது வேறு. குழாயைக் கழற்றிச் சுரண்டிக் கழுவி மாட்ட ஒன்றிரண்டு நாளாகும், பட்டறையில் ஏற்கெனவே வண்டிகள் தேங்கிக் கிடக்கின்றன, கைக்கு ஆள் இல்லை என்றார். அக்கா, நீங்கள் கழற்றிக் கொடுங்கள், சுரண்டுவது என் வேலை, திரும்ப மாட்டிக் கொடுங்கள் என்றாள். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அதுவரைக்கும் உன் ஆட்களை எதில் கூட்டிப்போவாய் என்று கேட்டார். கேள்விக்கு அவரே பதிலும் வைத்திருந்தார். அவர் தன் பழைய காரின் சாவியை எடுத்துக் கொடுத்தார். இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, மற்றபடி ஓடும் என்றார்.

அவர் ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. நல்ல மனசு என்று எழுதினால் பத்தி முடிந்துவிடும். நான் எழுதவில்லை. தங்கப்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டேன்.

5

வீட்டில் அத்தானுக்குச் சம்மதமில்லை. அத்தான் தையல்காரர், அதிகம் பேசுகிறவர் அல்ல. இரண்டு நாள் வேன் வராவிட்டால் அந்த ஐந்து பேரும் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்பமாட்டார்கள், ஒரு தகட்டுக்காக இவ்வளவு ரோஷமா என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுநாள் மதியம், தையல் மெஷின் துடைக்கும் பிரஷ்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார்.

காலையில் அக்கா அந்தக் காரில் மற்ற நால்வரையும் கொண்டுபோய்விட்டாள். கதவு திறக்காத பக்கம் உட்கார்ந்த தபால்காரர், தான் கைது செய்யப்பட்டிருப்பதாக வழியில் போனவர்களுக்கெல்லாம் சைகை காட்டிக்கொண்டு வந்தார். அவர்களை மெஷினில் படுக்கவைத்த பிறகு அக்கா நேரே பட்டறைக்கு வருவாள். முடிகிற நேரத்துக்குக் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவாள். கை வெளுக்கவே இல்லை. வார்டில் படுத்திருந்த டீச்சர் அவள் நகத்தைப் பார்த்துவிட்டு, மை ஊறிய விரலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றாராம்.

குழாயை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். ஊறியதும் மேல்படை வழுவழுவென்று வந்தது. அடியில் இருந்த படை வரவில்லை. மரக்குச்சியைக் கூராக்கிச் சுரண்டினோம். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். வளைவுக்குள் எதுவும் எட்டாத இடத்துக்கு, அத்தான் பால்புட்டி கழுவும் பிரஷை ஒரு கம்பியில் கட்டி விட்டார். அந்த மனிதர் துணியைத் தவிர எதன்மேலும் இவ்வளவு பொறுமை காட்டி நான் பார்த்ததில்லை.

கழுவுவதுகூடப் பரவாயில்லை. குழாய் வந்து சேரும் இன்ஜின் துவாரங்களிலும் கரி இருந்தது. அங்கே சுரண்டும்போது ஒரு துணுக்கு உள்ளே விழுந்தால் இன்ஜினுக்கே ஆபத்து. மெதுவா ஒவ்வொரு துவாரமாக, அதன் வால்வு மூடியிருக்கும்படி இன்ஜினைக் கையால் திருப்பி நிறுத்திக் கொடுத்தார். மற்றவற்றைத் துணியால் அடைத்தார். அக்கா தலையை உள்ளே நுழைத்துச் சுரண்ட, நான் டார்ச் பிடிக்க, அவர் உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு “மெதுவா, மெதுவா” என்றார். அன்றைக்கு அது அர்த்தத்தோடு இருந்தது.

கடைசித் துவாரத்தில் ஒரு துண்டு விழுந்தேவிட்டது. சத்தம்கூடக் கேட்டது, ஒரு மிளகு விழுந்த மாதிரி. மூன்று பேரும் அசையவில்லை. மெதுவா டார்ச்சை என்னிடமிருந்து வாங்கி உள்ளே பார்த்தார். வால்வு மூடியிருந்தது. துண்டு அதன் முதுகின்மேல் கிடந்தது. உறிஞ்சி எடுத்தார். அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள்.

[இந்தப் பகுதியை ‘உழைப்பின் மகத்துவம்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தில் முடிக்கலாம் என்று இருந்தேன். முதுகுவலி என்று முடிப்பதுதான் சரி. மூன்று பேருக்கும் முதுகுவலி.]

6

குழாய் சேரும் இடத்தில் கசியாதிருக்கப் புது கேஸ்கெட் வைத்து மாட்டினார்கள். வேன் மேம்பாலத்தில் சும்மா பறந்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். நான் முடித்தும்விட்டேன். ‘முற்றும்’ என்றுகூடப் போட்டேன்.

அக்கா சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மெதுவா ஒன்று சொன்னார். இதே மாதிரி ஓட்டினால் மறுபடியும் அடைக்கும் என்றார். நான் நன்றாகத்தானே ஓட்டுகிறேன் என்று அக்காவுக்குச் சுருக்கென்றது.

“ஓட்டறதுல இல்ல தங்கச்சி. நிக்கறதுல இருக்கு.”

விளக்கினார். இன்ஜின் நல்ல வேகத்தில், நல்ல சூட்டில் ஓடினால் கரி அவ்வளவாகப் படியாது. நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமிக்கொண்டிருந்தால்தான் படியும். அக்காவின் வேன் அப்படித்தான் நின்றது. டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்கு உடம்பில் தெம்பு இருக்காது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முடிக்கமாட்டார்கள். முதலில் வருபவர் கடைசி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். முடித்தவர்கள் வார்டில் உட்காரக் கூடாது, தாழ்வாரத்தில் நாற்காலி கிடையாது, வெளியே வெயில். அதனால் அக்கா வேனை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, உள்ளே உட்காரவைப்பாள். மற்ற வேன்காரர்களும் அப்படியே. ஜன்னலுக்குக் கீழே ஒரு வரிசை வேன்கள், ஒரு அடிகூட நகராமல், மதியம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அக்கா ‘முற்றும்’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்தாள்.

7

மறுநாள் அவள் வேனில் இருந்தவர்களிடம், இனிமேல் நிற்கும்போது இன்ஜின் ஓடாது என்றாள். ஒரு எவர்சில்வர் டப்பாவில் எடுத்துவைத்திருந்த கரிக்கட்டியைத் திறந்து காட்டி, ஏன் என்றும் சொன்னாள். ஜன்னல்களுக்கு அத்தான் தடித்த துணியில் மறைப்புத் தைத்துக் கொடுத்திருந்தார். அது கொஞ்சம் வெயிலைத் தடுக்கும், அவ்வளவுதான்.

தபால்காரருக்குக் கோபம் வந்தது. இந்தமுறை அது குறை சொல்லும் கோபமல்ல. நிஜமான கோபம். உன் இன்ஜின் நன்றாக இருக்க நாங்கள் வேக வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அக்காவுக்கும் அது தெரிந்தது; டப்பாவை மூடினாள். நானாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்.

பேசியது டீச்சர். வழக்கமாக ஸ்டெப் ஸ்டெப்பாகப் பேசுகிறவர், அன்றும் அப்படியே பேசினார்.

“மேல படுத்திருக்கிறப்ப அந்த ஜன்னலை நர்ஸ் ஏன் சாத்தியே வச்சிருக்கா? புகை வருதுன்னு. அந்தப் புகை யாரோடது? இந்த வண்டிகளோடது. வண்டி யாருக்காக ஓடுது? நமக்காக. அப்ப நாம கீழ உட்கார்ந்து விடறதை நாமளே மேல படுத்து இழுக்கறோம்.”

தபால்காரர், அப்படியானால் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுபோல அக்கா தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரி மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். அவர் கெட்டவரல்ல. (ஒருமுறை சூடுபட்டுவிட்டதால் இவருக்கு நான் தங்கப்பல் எதுவும் வைக்கவில்லை.) இடமே இல்லை, ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். அக்கா அடுத்த முறையும் போனாள். அதற்கடுத்த முறையும் போனாள். அவர் அவளைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்தக் கட்டிடத்தில் குளுமையான, நாற்காலி போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். மேனேஜர் அறைக்கு முன்னால் பார்வையாளர்கள் உட்காரும் கூடம். டயாலிசிஸ் முடிந்ததும், கையில் பிளாஸ்திரியோடு ஒருவர் ஒருவராக அங்கே போய் உட்கார்ந்தார்கள். கோஷமில்லை, அட்டை இல்லை. கடைசி ஆள் வந்ததும் எழுந்து வேனுக்குப் போவார்கள். அடுத்த முறையும் அதே இடம். மற்ற வேன்களில் வருகிறவர்களும் கேள்விப்பட்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மேனேஜரைப் பார்க்க வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள்.

ஒருநாள் மேனேஜர் வெளியே வந்தார். எல்லோரையும் விட்டுவிட்டு டீச்சரிடம் பேசினார். அந்த மாதிரி மனிதர்களுக்கு டீச்சரைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது.

“இங்க உட்காரக் கூடாதும்மா.”

“சரிப்பா. எங்க உட்காரணும்னு சொல்லு, அங்க போயிடறோம்.”

அவர் நின்றார். உள்ளே போனார். சற்றுநேரத்தில் திரும்பி வந்து, தரைத்தளத்தில் ஓர் அறை இருக்கிறது, ஆனால் உடைந்த கட்டில்களைப் போட்டு அடைத்துவைத்திருக்கிறது, அதைக் காலி செய்ய ஆள் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் என்று அக்காவிடம் சொன்னார்.

“சாவியைக் குடுங்க சார்,” என்றாள் அக்கா.

கட்டில்களை நாங்கள்தான் இழுத்துப் போட்டோம். அக்கா, அத்தான், நான், இன்னும் இரண்டு வேன் டிரைவர்கள். மெதுவா ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பட்டறையில் வேலை கிடக்கிறது என்று போய்விட்டார்.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்றில், மேனேஜர் மனம் மாறி அறைக்கு ரிப்பன் வெட்டித் திறந்துவைக்கிறார். அக்கா இதைச் சத்தமாகப் படித்து அத்தானுக்குக் காட்டினாள். அத்தான் சிரித்து நான் பார்த்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று.

இன்னொன்றில், டீச்சர் இறந்துவிடுகிறார். அறையில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கிறது. எழுதி முடித்து, நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அக்கா என்னிடம் கேட்காமல் இந்தப் பிரதியை டீச்சரிடமே கொடுத்துவிட்டாள். அது சிவப்பு மையில் திரும்பி வந்தது. நான் இறந்த பத்திக்குப் பக்கத்தில், ‘இந்த விடைக்கு எப்படி வந்தாய்? வழிமுறை காட்டவில்லை’ என்று எழுதியிருந்தார். ‘நான் இறந்த பத்தி’ என்று எழுதிவிட்டேன், டீச்சர் இறந்த பத்தி. திருத்தாமல் விடுகிறேன். அதை எழுதியபோது சாகாத ஒருவரைச் சாகடித்ததில் நானும் கொஞ்சம் செத்துத்தான் போயிருந்தேன்.

மூன்றாவதில், பேட்டரியில் ஓடும் புது வேன்கள் வந்துவிடுகின்றன. புகையே இல்லை. வரலாம், வரட்டும். ஆனால் இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு அந்த ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியது இந்த வேன்தான்.

நடந்தது இவ்வளவு: அறை இருக்கிறது. அதில் நாற்காலிகள் இருக்கின்றன. தபால்காரர் அதிலும் குறை கண்டுபிடித்துவிட்டார், மின்விசிறி சத்தம் போடுகிறதாம். அக்காவின் வேன் வெளியே சாவி எடுத்து நிற்கிறது. கட்டில் தூக்க வந்த இரண்டு டிரைவர்களும் அணைத்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை, யாரும் இல்லாதபோது, அக்கா வெளிச்சாலையில் இன்ஜினைச் சூடேற ஓட்டிவிட்டு வருகிறாள். குழாய்க்குள் இப்போது எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மற்ற டிரைவர்கள் அணைக்கவில்லை. ஆட்கள் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேன்கள் டிரைவர்களுக்காக ஓடுகின்றன. நர்ஸ் தினமும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி சாத்துகிறாள்.

9

இதை அந்த அறையின் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம். டீச்சர் மேலே மெஷினில் இருக்கிறார்.

அக்கா வேன் வரிசையில் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு போகிறாள். முதல் டிரைவர் கண்ணாடியை இறக்கி, அவள் பேசியதைக் கேட்டு, ஏதோ முனகிக்கொண்டே அணைத்தார். இரண்டாமவர் இறக்கினார், கேட்டார், அணைக்கவில்லை. அக்கா அவரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் நடையில் அது தெரிகிறது.

இப்போது மூன்றாவது வேனுக்கு வந்துவிட்டாள். புதிதாக வரத் தொடங்கியிருக்கும் வேன். டிரைவர் யாரென்று எனக்குத் தெரியாது. இருக்கையைச் சாய்த்துப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருக்கிறார். அக்கா தட்டுகிறாள். அவர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். என்ன என்று புருவத்தை உயர்த்துகிறார். அக்கா பதில் சொல்லாமல் விரலால் மேலே, ஜன்னலைக் காட்டுகிறாள்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அக்கா அங்கிருந்து நகரமாட்டாள், அதை உறுதியாகச் சொல்வேன். உள்ளே இருப்பவருக்கு என்னால் வசனம் எழுத முடியாது. மெதுவாவுக்கு எழுதிப் பார்த்துத் தப்பாயிற்று, டீச்சருக்கு எழுதிப் பார்த்து மை சிவந்தது. அதனால் அந்த இருக்கையில் உங்களை உட்காரவைத்துவிட்டுப் போகிறேன். வெளியே நல்ல வெயில். உள்ளே குளிர்ச்சி, கால் நீட்டிக்கொள்ள இடம், காதில் இன்ஜினின் இதமான உறுமல். நீங்கள் காலையிலிருந்து வண்டி ஓட்டிக் களைத்திருக்கிறீர்கள் என்பதும் உண்மைதான். சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அவள் மறுபடியும் தட்டுகிறாள்.